வார்சா ஒப்பந்தப் படை தன் கூட்டாளி நாட்டுக்குள்ளேயே ஏன் நுழைந்தது?

வைகைக்கரை

எல்லோருக்கும் வணக்கம். போட்டித் தேர்வு எழுதும் பிள்ளைகளுக்கு உலக வரலாறு எடுக்கிறேன். போன வாரம் பனிப்போர் பாடம். வழக்கம்போல கரும்பலகையின் நடுவில் ஒரு கோடு போட்டு, ஒரு பக்கம் அமெரிக்காவின் ராணுவக் கூட்டணியான நேட்டோ 1949 என்றும் மறுபக்கம் சோவியத்தின் கூட்டணியான வார்சா ஒப்பந்தம் 1955 என்றும் எழுதினேன். முன் வரிசையில் இருந்த ஒரு மாணவி, "மேடம், இந்த ரெண்டு கூட்டணியும் எந்த வருஷம் சண்டை போட்டுச்சு?" என்று கேட்டாள். நேருக்கு நேர் போடவே இல்லை என்றேன். "அப்போ இத்தனை படையை வெச்சுக்கிட்டு வார்சா ஒப்பந்த நாடுகள் எங்கேதான் போனாங்க?"

1968இல் செக்கோஸ்லோவாக்கியாவுக்கு என்று சொன்னேன். அது எந்தக் கூட்டணி என்றாள். அதுவும் வார்சா ஒப்பந்தம்தான் என்று சொல்லும்போதே எனக்குத் தொண்டை அடைத்தது. ஏன் என்று அடுத்துக் கேட்டாள். "ஆதிக்கம்" என்று ஒரு வார்த்தையில் முடித்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போனேன். அந்தப் பதில் எனக்கே போதவில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. என் அப்பா ரயில்வே பணிமனையில் வேலை பார்த்தவர், தொழிற்சங்கக்காரர். எங்கள் வீட்டுக்கு மாதாமாதம் சோவியத் பத்திரிகைகள் வரும். அந்த வழவழப்பான தாளில்தான் என் பாடப் புத்தகங்களுக்கெல்லாம் அட்டை போட்டேன். 1968 பற்றிக் கேட்டால் அப்பா இன்றும் "சகோதர உதவி" என்றுதான் சொல்வார். அவர் பொய் சொல்பவர் அல்ல. அதனால்தான் எனக்கு இது உண்மையாகவே புரிய வேண்டும். 36 வருடம் இருந்த ஒரு ராணுவக் கூட்டணி சேர்ந்து நடத்திய ஒரே பெரிய படையெடுப்பு சொந்த உறுப்பு நாட்டின் மீதுதான் என்றால், அந்தக் கூட்டணி எதற்காக இருந்தது?

பழந்தாள்

நல்ல மாணவி. 1955லிருந்து தொடங்கலாம், ஏனென்றால் குழப்பம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

நேட்டோ உருவானது 1949 ஏப்ரல் 4. அதற்குப் பதிலடிதான் வார்சா ஒப்பந்தம் என்று எல்லாப் பாடநூலும் சொல்கிறது. அப்படியானால் ஆறு வருடம் ஏன் காத்திருந்தார்கள்? தேவை இருக்கவில்லை. கிழக்கு ஐரோப்பிய நாடுகளில் பெரும்பாலானவற்றோடு மாஸ்கோ ஏற்கெனவே தனித்தனியாக நட்பு ஒப்பந்தம் போட்டிருந்தது. போலந்தின் பாதுகாப்பு அமைச்சராக 1949லிருந்து 1956 வரை இருந்தவர் யார் தெரியுமா? சோவியத் மார்ஷல் ரொகொசோவ்ஸ்கி. போலிஷ் வம்சாவளி, ஆனால் செஞ்சேனையின் தளபதி. பக்கத்து நாட்டுப் படைக்குத் தன் மார்ஷலையே அமைச்சராக வைக்க முடிந்தவர்களுக்குக் கூட்டணி ஒப்பந்தம் எதற்கு?

1955இல் இரண்டு விஷயம் மாறியது. முதலாவது மேற்கு ஜெர்மனி. ஐரோப்பிய ராணுவம் ஒன்றை உருவாக்கி அதற்குள் ஜெர்மானியர்களைச் சேர்க்கும் திட்டத்தை 1954 ஆகஸ்டில் பிரெஞ்சு நாடாளுமன்றமே கைவிட்டது. அதன்பின் நேரடியாக நேட்டோவிலேயே சேர்ப்பது என்று முடிவானது. 1955 மே 9 அன்று பாரிஸ் கூட்டத்தில் மேற்கு ஜெர்மனி முதன்முறையாக நேட்டோ மேசையில் உட்கார்ந்தது. மே 9 சோவியத் ஒன்றியத்தில் ஹிட்லரை வென்ற நாள், அதுவும் பத்தாவது ஆண்டு. ஐந்தே நாளில், மே 14 அன்று, வார்சாவில் எட்டு நாடுகள் கையெழுத்திட்டன.

இரண்டாவது விஷயத்தை அதிகம் பேர் சொல்வதில்லை. அடுத்த நாள், மே 15 அன்று, வியன்னாவில் ஆஸ்திரிய ஒப்பந்தம் கையெழுத்தானது. ஆஸ்திரியாவை விட்டு எல்லா அந்நியப் படைகளும் வெளியேற வேண்டும். ஹங்கேரியிலும் ருமேனியாவிலும் சோவியத் படை நிற்க 1947 சமாதான ஒப்பந்தங்கள் கொடுத்த உரிமையே "ஆஸ்திரியாவில் இருக்கும் எங்கள் படைக்குப் போக்குவரத்துப் பாதை வேண்டும்" என்ற அடிப்படையில்தான். ஆஸ்திரியாவை விட்டுப் போனால் அந்த உரிமையும் போய்விடும். புதிதாக ஒரு காரணம் வேண்டியிருந்தது. அது ஒரு நாள் முன்னதாகவே தயாராகிவிட்டது.

கீழவாசல்

பழந்தாள் ஐயா சொன்ன தேதிகள் சரி. ஆனால் அவர் சொல்லும் விதத்தில் மாஸ்கோவின் பயமே காணாமல் போகிறது. இரண்டாம் உலகப் போரில் செத்த சோவியத் மக்கள் சுமார் 2 கோடியே 70 லட்சம் பேர். அப்பா, அண்ணன், மாமன் என்று யாரையாவது பறிகொடுக்காத வீடு அங்கே அபூர்வம். பத்து வருடம்கூட ஆகவில்லை, அதே ஜெர்மனிக்குத் திரும்பவும் ராணுவச் சீருடை போடுகிறார்கள். இதைப் பார்த்துப் பயப்படாமல் இருக்க முடியுமா?

1952 மார்ச்சில் ஸ்டாலின் ஒரு குறிப்பு அனுப்பினார். ஜெர்மனியை ஒன்றாக்கலாம், ஆனால் எந்தக் கூட்டணியிலும் சேரக்கூடாது என்றார். மேற்கு நாடுகள் ஏற்கவில்லை. 1954 மார்ச் 31 அன்று சோவியத் ஒன்றியம் தானே நேட்டோவில் சேரத் தயார் என்று எழுதியது. அதையும் தள்ளிவிட்டார்கள். அவை பிரச்சாரத்துக்காக எழுதப்பட்டவை என்று சொல்பவர்கள் உண்டு. இருக்கலாம். கதவைத் தட்டியவனுக்குத் திறந்து பார்த்திருந்தால் உண்மை தெரிந்திருக்கும் அல்லவா?

வார்சா ஒப்பந்தத்தின் 11ஆவது பிரிவையும் படியுங்கள். ஐரோப்பா முழுமைக்கும் ஒரு பொதுப் பாதுகாப்பு ஒப்பந்தம் வந்தால் இந்த ஒப்பந்தம் செயலிழந்துவிடும் என்று அதிலேயே எழுதியிருக்கிறது.

பழந்தாள்

11ஆவது பிரிவைச் சொன்ன தோழர் 8ஆவது பிரிவையும் சொல்லியிருக்கலாம். உறுப்பு நாடுகள் ஒன்றின் சுதந்திரத்தையும் இறையாண்மையையும் மற்றொன்று மதிக்கும், உள்விவகாரங்களில் தலையிடாது. அதுவும் அதே காகிதத்தில் அதே மையில் எழுதியதுதான்.

பயம் உண்மையான பயம் என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் வைகைக்கரை கேட்டது வேறு. எந்தக் குற்றத்துக்குத் தண்டனை கிடைத்தது என்பதைப் பார்த்தால் பதில் தெரியும்.

ஹங்கேரி 1956. பிரதமர் இம்ரே நாகி நவம்பர் 1 அன்று வார்சா ஒப்பந்தத்திலிருந்து விலகுவதாக அறிவித்தார், நவம்பர் 4 அன்று டாங்கிகள் புடாபெஸ்டுக்குள் வந்தன, ஆகவே விலகியதற்குத்தான் தண்டனை என்று படித்திருப்போம். நானும் பல வருடம் அப்படித்தான் நம்பினேன். மாஸ்கோ ஆவணங்கள் வெளிவந்த பிறகு வரிசை மாறிவிட்டது. படையை அனுப்புவதென்று சோவியத் தலைமை முடிவெடுத்தது அக்டோபர் 31. நாகி விலகலை அறிவித்தது அதற்கு மறுநாள், புதிய படைகள் எல்லை தாண்டி உள்ளே வருவது தெரிந்த பிறகு. அதாவது அந்த அறிவிப்பு ஒரு மனிதன் கடைசியாகப் பிடித்த துரும்பு. சுமார் 2,500 ஹங்கேரியர்கள் உயிரிழந்தார்கள், 2 லட்சம் பேர் நாட்டை விட்டு ஓடினார்கள். நாகியை 1958 ஜூன் 16 அன்று தூக்கிலிட்டார்கள்.

செக்கோஸ்லோவாக்கியா 1968. அந்நாட்டுக் கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர் டூப்செக் ஒப்பந்தத்தை விட்டு விலகவே இல்லை. விலக மாட்டோம் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். ஹங்கேரியின் கதி அவருக்குத் தெரியும். அப்படியும் ஆகஸ்ட் 20 இரவு படைகள் வந்தன.

அல்பேனியா 1961இலேயே மாஸ்கோவோடு முறித்துக்கொண்டது. வ்லோரா கடற்படைத் தளத்திலிருந்து சோவியத் படையை வெளியேற்றியபோது நான்கு நீர்மூழ்கிகளைத் தன்னிடமே பிடித்து வைத்துக்கொண்டது. 1968 செப்டம்பரில் முறைப்படியே விலகியது. அங்கே ஒரு டாங்கியும் போகவில்லை.

ருமேனியா உறுப்பினராக இருந்துகொண்டே 1968 படையெடுப்பில் கலந்துகொள்ள மறுத்தது. ஆகஸ்ட் 21 அன்று ருமேனியத் தலைவர் சௌசெஸ்கு தலைநகர் புகாரெஸ்டில் பெருங்கூட்டத்தின் முன் நின்று அதைக் கண்டித்தார். அவர் மீதும் கை வைக்கவில்லை.

விலகியவனை விட்டுவிட்டார்கள், முறைத்தவனையும் விட்டுவிட்டார்கள், கூடவே இருப்பேன் என்றவனை அடித்தார்கள். வித்தியாசம் எங்கே? அல்பேனியாவிலும் ருமேனியாவிலும் கட்சியின் பிடி இம்மியும் தளரவில்லை. செக்கோஸ்லோவாக்கியத் தலைநகர் ப்ராகில் பத்திரிகைத் தணிக்கையை எடுத்துவிட்டார்கள். பத்திரிகைகள் எதை வேண்டுமானாலும் எழுதின. கட்சிக்காரர்களே கட்சியைக் கேள்வி கேட்டார்கள். அந்தப் பழக்கம் உக்ரைனுக்கும் போலந்துக்கும் கிழக்கு ஜெர்மனிக்கும் தொற்றிவிடும் என்பதுதான் உண்மையான பயம். நேட்டோவின் பீரங்கியைவிட ப்ராகின் அச்சகம் அவர்களைத் தூங்கவிடாமல் செய்தது.

கீழவாசல்

இந்த ஹங்கேரித் தேதி எனக்குப் புதிது. யோசிக்க வைத்துவிட்டீர்கள் ஐயா.

ஆனால் வரைபடத்தையும் ஒருமுறை விரித்துப் பாருங்கள். அல்பேனியாவுக்கும் மற்ற வார்சா நாடுகளுக்கும் நடுவில் யூகோஸ்லாவியா கிடக்கிறது, தரைவழியே போக முடியாது. ருமேனியாவுக்கு நேட்டோ நாடு எதனோடும் எல்லை இல்லை. செக்கோஸ்லோவாக்கியா அப்படியா? மேற்கு ஜெர்மனியோடு நேரடி எல்லை. கிழக்கு ஜெர்மனியிலும் போலந்திலும் ஹங்கேரியிலும் சோவியத் படைப்பிரிவுகள் நிரந்தரமாக நின்றன. முன்னணியின் நட்ட நடுவில் இருந்த செக்கோஸ்லோவாக்கியாவில் மட்டும் 1968 வரை அப்படி இல்லை. தளபதிகளுக்கு அது பெரிய ஓட்டை. படையெடுப்புக்குப் பிறகு அந்த ஓட்டையை அடைத்துவிட்டார்கள். கடைசி சோவியத் சிப்பாய் அங்கிருந்து கிளம்பியது 1991 ஜூனில். கட்சியின் பிடி ஒரு காரணம், சரி. ராணுவக் கணக்கு இல்லவே இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள்.

பழந்தாள்

இல்லை என்று சொல்லவில்லை. இரண்டும் ஒரே இடத்தில் சந்தித்ததுதான் செக் மக்களின் துரதிர்ஷ்டம். எல்லையைப் பற்றி நீங்கள் சொன்னதை ஏற்கிறேன்.

மலைச்சாரல்

நான் ப்ராகில் ஆறு வருடம் வேலை பார்த்தேன். வீட்டுக்காரப் பாட்டி 1968இல் இருபது வயதுப் பெண். அவர் சொன்னதில் எனக்கு மறக்க முடியாதது பெயர்ப்பலகைகள்.

செக் ராணுவத்துக்கு மேலிடத்திலிருந்து எதிர்க்க வேண்டாம், முகாமிலேயே இருங்கள் என்று உத்தரவு. வந்தது லட்சக்கணக்கான சிப்பாய்கள், ஆயிரக்கணக்கான டாங்கிகள். என்ன செய்ய முடியும்? மக்கள் ஒரே இரவில் தெருப் பெயர்ப்பலகைகளையும் ஊர்ப் பலகைகளையும் கழற்றிவிட்டார்கள், அல்லது வெள்ளையடித்து மறைத்துவிட்டார்கள். வீட்டு எண்களைக்கூட விடவில்லை. நாடு முழுக்க இது நடந்தது. சில சாலைகளில் மாஸ்கோ எந்தத் திசை என்று காட்டும் பலகை மட்டும் புதிதாக முளைத்தது. எந்தத் தெரு எது என்று தெரியாமல் சிப்பாய்கள் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்களாம். பாட்டியும் அவர் அண்ணனும் ஏணி வைத்துத் தங்கள் தெருப் பலகையைக் கழற்றியிருக்கிறார்கள். ஸ்க்ரூ துருப்பிடித்து வரவில்லை, அண்ணன் கையைக் கிழித்துக்கொண்டார் என்றார்.

ரஷ்ய மொழி பள்ளியில் கட்டாயப் பாடம் என்பதால் எல்லோருக்கும் தெரியும். டாங்கி மேல் உட்கார்ந்திருந்த பையன்களிடம் போய் "ஏன் வந்தீர்கள்?" என்று ரஷ்ய மொழியிலேயே கேட்டார்களாம். எதிர்ப்புரட்சியை அடக்க வந்தோம் என்றானாம் ஒருவன். எங்கே எதிர்ப்புரட்சி, காட்டு என்று கேட்டதும் அவனுக்குப் பதில் வரவில்லை. பத்தொன்பது வயதுப் பையன், அழுதுவிட்டான் என்று பாட்டி சொன்னார். அவனைப் பற்றிப் பேசும்போது பாட்டியின் குரலில் கோபம் இல்லை.

வானொலி நிலையத்தைச் சுற்றித்தான் பெரிய மோதல். அந்த வருடம் முடிவதற்குள் படையெடுப்பால் இறந்த செக்கோஸ்லோவாக்கியர்கள் 137 பேர்.

இன்னொன்று. வந்தவர்களில் சோவியத், போலந்து, ஹங்கேரி, பல்கேரியப் படைகள் உண்டு. கிழக்கு ஜெர்மனியின் படைப்பிரிவுகளையும் தயாராக நிறுத்தியிருந்தார்கள், ஆனால் கடைசி நேரத்தில் எல்லையிலேயே நிற்க வைத்துவிட்டார்கள். ஜெர்மன் சீருடையை ப்ராக் தெருக்களில் மறுபடி காட்டினால் ஜனங்களுக்கு ஹிட்லர் ஞாபகம் வரும் என்று அவர்களுக்கே தெரிந்திருந்தது.

வைகைக்கரை

மலைச்சாரல், இதைப் படித்துவிட்டு வெகுநேரம் ஒன்றும் செய்யத் தோன்றவில்லை. நன்றி.

டூப்செக் என்ன ஆனார்? கைது செய்து மாஸ்கோவுக்குக் கொண்டுபோனார்கள் என்று மட்டும் தெரியும்.

பழந்தாள்

டூப்செக்கையும் தோழர்களையும் கொண்டுபோய், படை தங்குவதற்கு வழிசெய்யும் ஒரு உடன்பாட்டில் ஆகஸ்ட் 26 அன்று கையெழுத்து வாங்கினார்கள். அந்தக் குழுவில் கையெழுத்துப் போட மறுத்தவர் ஒரே ஒருவர், ஃப்ரான்டிசெக் க்ரீகல். மருத்துவர். ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் குடியரசுப் பக்கம் காயம்பட்டவர்களுக்குச் சிகிச்சை செய்தவர், அப்புறம் சீனாவுக்குப் போய் அங்கேயும் அதே வேலை. வாழ்நாள் முழுக்கக் கம்யூனிஸ்ட். வைகைக்கரை, உங்கள் அப்பாவிடம் இவரைப் பற்றிச் சொல்லுங்கள். இவரை எதிர்ப்புரட்சிக்காரர் என்று அவரால் சொல்ல முடியாது.

நெய்தல்

கோட்டின் மறுபக்கத்தையும் பார்த்தால்தான் ஒப்பீடு முழுமையாகும். நேட்டோவிலும் ஒரு நாடு "முடியாது" என்று சொன்னது. பிரான்ஸ், 1966 மார்ச். அதிபர் டி கோல் அமெரிக்க அதிபர் ஜான்சனுக்குக் கடிதம் எழுதினார். கூட்டுத் தலைமையின் கீழ் பிரெஞ்சுப் படை இனி இருக்காது, பிரெஞ்சு மண்ணில் உள்ள அந்நியப் படைகள் 1967 ஏப்ரல் 1க்குள் போய்விட வேண்டும் என்று கெடு வைத்தார். அமெரிக்கர்களுக்குக் கடும் கோபம். ஆனால் மூட்டை கட்டினார்கள். பாரிஸில் இருந்த நேட்டோ தலைமையகம் பிரஸ்ஸல்ஸுக்குப் போனது, ராணுவத் தலைமையகம் பெல்ஜியத்தின் மோன்ஸ் பக்கம் போனது. பிரான்ஸ் ஒப்பந்தத்தில் உறுப்பினராகவே நீடித்தது, 2009இல் கூட்டுத் தலைமைக்கும் திரும்பியது.

1974இல் கிரீஸ். சைப்ரஸில் துருக்கி இறங்கியபோது நேட்டோ தடுக்கவில்லை என்று கோபித்துக்கொண்டு ராணுவ அமைப்பிலிருந்து வெளியேறியது, 1980இல் திரும்பி வந்தது. ஏதென்ஸுக்கு யாரும் டாங்கி அனுப்பவில்லை.

நேட்டோவைப் புனிதமாக்க வரவில்லை. ஜனநாயகம், தனிமனித சுதந்திரம் என்று முகவுரையில் எழுதிய அதே 1949 ஒப்பந்தத்தில் சலாசாரின் சர்வாதிகார போர்ச்சுகலும் கையெழுத்திட்டது. கோவாவை விட மறுத்த போர்ச்சுகல் அதேதான். 1961 டிசம்பரில் இந்தியப் படை கோவாவுக்குள் போனபோது நேட்டோ உதவிக்கு வரவில்லை. வரவேண்டிய கடமையும் இல்லை, ஏனென்றால் ஒப்பந்தத்தின் 6ஆவது பிரிவு ஐரோப்பா, வட அமெரிக்கா, வட அட்லாண்டிக் என்று எல்லை போட்டு வைத்திருந்தது. போட்டித் தேர்வு மாணவர்களுக்கு இது உதவும்.

கீழவாசல்

பிரான்ஸை எடுத்துக்காட்டாகக் கொடுப்பது நியாயமில்லை நெய்தல். 1960லேயே அணுகுண்டு வெடித்த நாடு அது. பலமுள்ளவன் "போ" என்றால் போவார்கள். அமெரிக்காவின் ப்ராக் எங்கே என்று தேட வேண்டுமானால் ஐரோப்பாவில் தேடாதீர்கள், கரீபியன் பக்கம் போங்கள்.

1947இலேயே அமெரிக்கா லத்தீன் அமெரிக்க நாடுகளோடு ரியோ ஒப்பந்தம் போட்டது. ஒருவரைத் தாக்கினால் எல்லோரையும் தாக்கியதாக அர்த்தம். அதில் கையெழுத்திட்ட குவாத்தமாலாவின் தேர்ந்தெடுக்கப்பட்ட அதிபர் ஆர்பென்ஸ் 1954இல் கவிழ்க்கப்பட்டார், பின்னால் இருந்தது அமெரிக்க உளவு அமைப்பான சி.ஐ.ஏ. 1965 ஏப்ரலில் டொமினிக்கன் குடியரசில், ராணுவம் துரத்திவிட்ட அதிபர் ஹுவான் போஷைத் திரும்பக் கொண்டுவரக் கிளர்ச்சி நடந்தபோது 20,000க்கும் மேற்பட்ட அமெரிக்கச் சிப்பாய்கள் இறங்கினார்கள். அப்புறம் அதற்கு அமெரிக்க நாடுகளின் கூட்டுப் படை என்று பெயர் கொடுத்து, ஒரு பிரேசில் தளபதியைத் தலைமைக்கு வைத்தார்கள். மூன்று வருடம் கழித்து ப்ராகில் நடந்ததும் இதே பாணிதான். வல்லரசு முதலில் முடிவு செய்யும், கூட்டாளிகளின் கொடி பின்னால் வரும்.

நெய்தல்

டொமினிக்கன் ஒப்பீடு வலுவானது, ஒத்துக்கொள்கிறேன். இரண்டு வல்லரசும் தன் கொல்லைப்புறம் என்று நினைத்த இடத்தில் ஒரே மாதிரி நடந்துகொண்டன. ஆனால் அமெரிக்கா மேற்கு ஐரோப்பாவைக் கொல்லைப்புறமாக நடத்தவில்லை, சோவியத் கிழக்கு ஐரோப்பாவை அப்படி நடத்தியது. நேட்டோவும் வார்சா ஒப்பந்தமும் காகிதத்தில் ஒரே மாதிரி இருந்தும் நடப்பில் வேறாக இருந்ததற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

கீழவாசல்

அதை மறுக்க மாட்டேன். குவாத்தமாலாக்காரருக்கு அந்த வித்தியாசத்தால் ஒரு ஆறுதலும் இல்லை என்பதை மட்டும் பதிவு செய்கிறேன்.

மலைச்சாரல்

இந்தியா அப்போது என்ன சொன்னது என்று ப்ராகில் என்னை ஒருவர் கேட்டார். தேடிப் படித்துவிட்டுப் பதில் சொல்ல வெட்கமாக இருந்தது. 1956 நவம்பரில் ஹங்கேரியில் ஐ.நா. மேற்பார்வையில் தேர்தல் வேண்டும் என்ற தீர்மானத்தை எதிர்த்து வாக்களித்தோம். 1968 ஆகஸ்டில் பாதுகாப்பு அவைத் தீர்மானத்தில் "கண்டிக்கிறது" என்ற சொல் இருந்ததால் வாக்களிக்காமல் ஒதுங்கினோம். சோவியத் எப்படியும் ரத்து அதிகாரத்தால் அதை வீழ்த்திவிட்டது. இந்திரா காந்தி நாடாளுமன்றத்தில் கவலை தெரிவித்தார். மத்திய அமைச்சர் அசோக் மேத்தா இது போதாது என்று பதவி விலகினார். கூட்டணியில் சேராத நாடு, அது வாய் திறந்து பேச வேண்டிய இடம் அதுதானே? காஷ்மீருக்காக பாதுகாப்பு அவையில் சோவியத் ஆதரவு நமக்குத் தேவைப்பட்டது என்று காரணம் சொல்வார்கள். எனக்கும் அது தெரியும். அந்தப் பாட்டியிடம் என்னால் அதைச் சொல்ல முடியவில்லை.

பழந்தாள்

கடைசியாக ஒரு தகவல். வார்சா ஒப்பந்தம் கலைக்கப்பட்ட தேதி 1991 ஜூலை 1. கலைத்த இடம் ப்ராக். தலைமை ஏற்றவர் செக்கோஸ்லோவாக்கிய அதிபர் வாட்ஸ்லாவ் ஹாவெல். 1968இல் படையெடுப்பை வானொலியில் எதிர்த்துப் பேசியவர், அப்புறம் பல வருடம் சிறையில் இருந்தவர்.

வைகைக்கரை

எல்லோருக்கும் நன்றி. நேற்று வகுப்பில் நடுக்கோடு போடவில்லை. ஹங்கேரி, செக்கோஸ்லோவாக்கியா, அல்பேனியா, ருமேனியா, பிரான்ஸ், டொமினிக்கன் குடியரசு என்று ஆறு பெயர் எழுதி, "வல்லரசு சொன்னதற்கு ஒத்துவராதபோது இவர்களுக்கு என்ன நடந்தது?" என்று கேட்டேன். ஒன்றரை மணி நேரம் போனதே தெரியவில்லை. அல்பேனியாவை ஏன் விட்டார்கள் என்பதற்கு அந்த மாணவியே வரைபடத்தைப் பார்த்து யூகோஸ்லாவியாவைக் காட்டினாள். கீழவாசல் சந்தோஷப்படுவார்.

இரவு அப்பாவிடம் இந்த இழையை முழுக்க வாசித்துக் காட்டினேன். ஹங்கேரித் தேதியின்போது ஒன்றும் சொல்லவில்லை. டொமினிக்கன் வந்ததும் தலையை ஆட்டினார். க்ரீகல் ஸ்பெயினுக்குப் போனவர் என்றதும் திரும்ப வாசிக்கச் சொன்னார். பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார். நான் எழுந்து போகும்போது மட்டும் ஒரு கேள்வி கேட்டார், மலைச்சாரலுக்குத் தெரிந்தால் எழுதுங்கள்:

"அந்த அண்ணனும் தங்கச்சியும் கழட்டின பலகையைத் திரும்ப மாட்டினாங்களாம்மா?"

மலைச்சாரல்

மாட்டினார்கள் என்று அப்பாவிடம் சொல்லுங்கள். வெகுநாள் கட்டிலுக்கு அடியில் இருந்ததாம். மாட்டியது பாட்டிதான். அண்ணன் அதற்குள் ஆஸ்திரியா வழியாக நாட்டை விட்டுப் போயிருந்தார்.